டெல்கோ மேல் குங்குமம்

“அந்தக் குங்குமத்த அழிக்கணும் மாமி.”

பத்து நாளில் கல்யாணம் வைத்திருக்கும் வீட்டின் நடுக்கூடத்தில் நின்று சொல்லக்கூடாத பேச்சு என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். தங்கபுஷ்பத்துக்கு அது தெரியாமல் இல்லை. கால்மணி நேரம் முன்புதான் அவளுடைய முதலாளி ஆனந்தகுமார் போனில் தலைபாடாய் அடித்துக்கொண்டார்.

“இந்தாம்மா, அந்த ஊட்ல இன்னா வோணா கேளு. காபி கேளு, டேபிள் ஃபேன் கேளு. குங்குமத்த அழிக்கணும்னு மட்டும் வாயத் தொறந்து கேட்டுடாத. தொடச்சே ஆவணும்னா அவங்க சாப்பிடற நேரமாப் பாத்து சத்தமில்லாம தொடச்சிடு. மேல புதுசா ஒரு பொட்டு வச்சிட்டு வந்துக்கினே இரு.”

“அடுத்த ஆயுத பூஜைக்குத் திரும்பவும் அதே எடத்துல வைப்பாங்களே சார்?”

“அடுத்த ஆயுத பூஜைக்கு அந்த எஞ்சினே இருக்காது, உடு.”

அந்தக் கடைசிச் சொல்தான் அவளை நேராகக் கூடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது.

சந்திரிகா பாயில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைகளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். தடவிய விரல் அப்படியே நின்றது.

“என்ன சொன்னே?”

“கார் எஞ்சின் மேல வச்சிருக்கீங்களே, குங்குமம், சந்தனம். ரெண்டையும் ஒரு பொட்டு விடாம எடுக்கணும்.”

“ஏன்னா, கேட்டேளா? கல்யாணம் நடக்கப்போற ஆத்துல வந்து நின்னுண்டு இந்தப் பொண்ணு குங்குமத்த அழிக்கச் சொல்றது!”

ஆடிட்டர் ஸ்ரீஹரி மடிக்கணினியிலிருந்து தலையை மட்டும் தூக்கினார். வாழ்நாள் முழுக்க இரண்டு தரப்பையும் சமாதானப்படுத்தியே பழகிய முகம். “ஏம்மா, அதையே கொஞ்சம் வேற மாதிரி சொல்லப்படாதா?”

“வேற மாதிரி சொன்னாலும் அதேதான் சார். அந்தப் பொட்டுதான் உங்க வண்டிய ஸ்டார்ட் ஆகவிடாம பண்ணுது. நீங்க ரெண்டு பேரும் ஷெட்டுக்கு வாங்க. நான் காட்டறேன். பாத்துட்டு அப்புறம் திட்டுங்க.”

மயிலாப்பூரில் அந்த வீட்டின் பின்கட்டை ஒட்டிய ஷெட்டில் நின்றது 1950ஆம் வருஷத்து மோரிஸ் மைனர். மேல்கூரையைத் துணிபோல் மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். அந்தக் குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் முதல் நாள் சாயங்காலம் ஜானவாசம் இந்த வண்டியில்தான். மாப்பிள்ளையைக் கோட்டும் மாலையுமாகப் பின்சீட்டில் உட்கார்த்தி, முன்னால் நாயனம் முழங்க, மாட வீதியில் ஊர் பார்க்க அழைத்துப் போவார்கள். ஸ்ரீஹரியே இருபத்தெட்டு வருஷம் முன்னால் அப்படிப் போனவர்தான். அதற்குப் பிறகு வண்டி ஓடவே இல்லை. ஓடாத வண்டிக்கு வருஷம் தவறாமல் ஆயுத பூஜை மட்டும் நடந்தது. இப்போது மகன் ஷ்ரவண் கல்யாணத்துக்கு அதே வண்டி வேண்டுமென்று கிண்டி எஸ்டேட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஆனந்தகுமாரிடம் வேலையைக் கொடுத்தார்கள்.

ஆனந்தகுமாரின் வழி எளிமையானது. பழைய எஞ்சினைக் கழற்றி எடைக்குப் போடு. பதிலுக்கு ஒரு புதுக்காலத்து எஞ்சினை உள்ளே வை. வெளியே மட்டும் பாலிஷ் போட்டுக் கொடு. பார்க்கிறவனுக்கு பானெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியவா போகிறது? இந்த வண்டிக்கும் அப்படித்தான் முடிவாகியிருந்தது. தங்கபுஷ்பம்தான் மூன்று மாதம் கேட்டு வாங்கினாள். கேட்டு என்றால் கெஞ்சி இல்லை, சண்டை போட்டு. அந்த மூன்று மாதம் இன்றோடு முடிகிறது. நாலு மணிக்குப் புது எஞ்சினை ஏற்றிக்கொண்டு குட்டியானை வேன் வரும். அதற்குள் இந்தப் பழைய எஞ்சின் மூச்சு விடவில்லையென்றால் திரும்புகிற வழியில் அதே குட்டியானையில் இது புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது.

தங்கபுஷ்பத்துக்கு இருபத்து நாலு வயது. சைதாப்பேட்டை. அப்பா இசக்கிமுத்து தி. நகரில் ஜவுளிக் கடையில் பட்டுப்புடவை பிரிவு. இருபத்திரண்டு வருஷமாக நின்றுகொண்டே புடவை விரிக்கிறவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் இவள். மெக்கானிக்கல் இஞ்சினியரிங். காலேஜுக்கு வந்த கம்பெனிக்காரன் ஒருவன், “ஃபேக்டரி ஷாப் ஃப்ளோருக்கு லேடீஸ் எடுக்கறதில்ல, டிசைன் சைடுல சொல்றோம்” என்று போனவன்தான். பிறகு பெருங்குடியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் எட்டு மாதம், அமெரிக்காக்காரன் பாஸ்வேர்டை மறந்தால் ஞாபகப்படுத்தும் வேலை. அங்கே எவனோ “உங்க பேரு ரொம்ப லாங், ‘புஷ்’னு கூப்பிடலாமா?” என்று கேட்ட அன்றைக்குத்தான் ராஜினாமாக் கடிதம் அடித்தாள். அவளுக்கு யார் மேல்தான் கோபம் இல்லை? காலேஜ் மேல், கம்பெனிகள் மேல், “நமக்கெதுக்கு வம்பு, குடுத்தா வாங்கிக்கிடணும், கேட்டு வாங்கக்கூடாது” என்று சொல்லும் அப்பா மேல், அப்படிச் சொல்லும் அளவுக்கு அவரை நிற்கவைத்தே பழக்கிய கடை மேல்.

இந்த எஞ்சின் மேல் மட்டும் அவளுக்குக் கோபம் வந்ததே இல்லை. முதல் நாள் பானெட்டைத் தூக்கியபோது உள்ளே எலிக்கூடும் கரையான் மண்ணும்தான் இருந்தன. பிஸ்டன் நாலும் இறுகிப்போய்க் கிடந்தது. மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி ஒன்பது நாள் ஊறப்போட்டாள். பத்தாம் நாள் காலை ஹேண்டிலைப் பிடித்து அழுத்தினாள். ஒரு நூல் நகர்ந்தது. ஒரே ஒரு நூல். அந்த நகர்வு இரும்பு வழியாக ஏறி அவள் முழங்கை வரை வந்தது. கோமாவில் கிடக்கும் ஆள் விரலை அசைத்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

அடிப்பகுதியைப் பிரித்தபோது இன்னொன்று கண்டாள். பிஸ்டனைத் தாங்கும் கம்பி ஒவ்வொன்றிலும் உளியால் தட்டிய புள்ளிகள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எது எந்த சிலிண்டருக்கு உரியது என்று எழுபத்தைந்து வருஷம் முன்னால் எவனோ ஒருத்தன் வைத்த அடையாளம். மூன்றாவதில் மூன்றாம் புள்ளி கொஞ்சம் சரிந்திருந்தது. அன்றைக்கு அவனுக்குக் கை அசந்திருக்கும். நாளைக்கு ஒருத்தர் இதைப் பிரிப்பார், அவர் குழம்பக் கூடாது என்று முகம் தெரியாத ஆளுக்காக நினைத்த ஒருத்தன்! தங்கபுஷ்பம் அந்தச் சரிந்த புள்ளியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். தன்னை நினைத்து இதுவரை யாரும் எதையும் இவ்வளவு கவனமாகச் செய்து வைத்ததில்லை என்று தோன்றியது.

எல்லாம் சரிசெய்தாயிற்று. வால்வு அரைத்தாயிற்று, கார்புரேட்டர் கழுவியாயிற்று. ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. பிளக்கை வெளியே கழற்றி வைத்துப் பார்த்தால் பொறி பளிச்சென்று அடிக்கிறது. உள்ளே மாட்டிச் சுற்றினால் செத்துப்போகிறது. ஒரு வாரமாக அவளைப் பைத்தியம் பிடிக்க வைத்த புதிர் அது.

இன்று காலை சமையல்காரர்கள் குறுக்கே வருகிறார்கள் என்று ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தாள். திடீரென்று கரண்ட் போயிற்று. கும்மிருட்டு. கை மட்டும் பழக்கத்தில் ஹேண்டிலைச் சுற்றிவிட்டது. அப்போதுதான் அதைப் பார்த்தாள்.

அதைத்தான் இப்போது இவர்களுக்கும் காட்ட வேண்டும்.

ஸ்ரீஹரியும் சந்திரிகாவும் ஷெட்டுக்குள் வந்தார்கள். சந்திரிகா மஞ்சள் விரலைப் புடவையில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். முகத்தில் தீர்ப்பு தயாராக இருந்தது.

“இதோ பாருங்க மாமி, இதுக்குப் பேரு டெல்கோ” என்றாள் தங்கபுஷ்பம். கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு கறுப்பு மூடி. தலையில் ஐந்து குமிழ்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தடித்த வயர். “நடுவுல வர்ற கரண்ட்ட சுத்தி இருக்கற நாலு பிளக்குக்கும் முறை வச்சுப் பங்குபோடும். பந்தியில சாம்பார் ஊத்தற மாதிரி. அஞ்சு குமிழ் இருக்கா? அஞ்சுலயும் நீங்க பொட்டு வச்சிருக்கீங்க.”

“அஞ்சு முகம் மாதிரி லட்சணமா இருந்தது, வச்சேன். இருபத்தெட்டு வருஷமா வெக்கறேன். தப்பா?”

“வச்சது தப்பில்ல. எடம்தான் தப்பு. சார், லைட்ட நிறுத்திட்டு அந்தக் கதவச் சாத்துங்க.”

ஸ்ரீஹரி விளக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பட்டப்பகலில் ஷெட்டுக்குள் நடுராத்திரி ஆயிற்று. தங்கபுஷ்பம் காரின் முன்னால் குனிந்து, ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை இழுத்துச் சுற்றினாள்.

நீலம்.

நூல் மாதிரி ஒரு நீலம் நடுக்குமிழிலிருந்து கிளம்பி, காய்ந்த குங்குமத்தின் மேல் வளைந்து வளைந்து ஓடி, சந்தனக் கோட்டில் இறங்கி, மூடியின் விளிம்பைத் தாண்டி இரும்பில் போய் மறைந்தது. இன்னொரு சுற்று. இன்னொரு நீலம். இந்தத் தடவை இரண்டாகப் பிரிந்து ஓடியது. ஒவ்வொரு ஓட்டத்திலும் அதன் கீழே இருந்த சிவப்பு ஒரு கணம் உயிரோடு எரிவது மாதிரித் தெரிந்தது. ‘சட், சட்’ என்று ஒரு சன்னச் சத்தம். மழைக்கு முந்தைய காற்றில் வருமே, அந்த வாசனை. காலையில் ஒரு தடவை பார்த்தவள்தான். இருந்தும் தங்கபுஷ்பத்துக்குக் கழுத்து மயிர் சிலிர்த்தது.

“பகவானே” என்றாள் சந்திரிகா. அது திட்டு இல்லை.

“குங்குமத்துல சுண்ணாம்பு கலப்பாங்க. நம்மூர் காத்துல உப்பு ஈரம். இருபத்தெட்டு வருஷம் அடுக்கடுக்கா ஒட்டி, இந்த ஒரு வாரமா நான் சுத்தச் சுத்த அதுல கரண்ட் ஓடிக் கருகி, தனக்குன்னு ஒரு பாதை போட்டுக்கிச்சு. வெளிய பிளக்க வச்சுப் பாத்தா அதுக்கு வேலை சுலபம், பொறி அடிச்சிருது. உள்ள அழுத்தத்துல கஷ்டப்பட்டு அடிக்கணும். கஷ்டம்னா கரண்ட் இந்தக் குறுக்கு வழியில தப்பிச்சிரும். அவ்வளவுதான்.”

“இன்னொரு தடவ சுத்தேன்” என்று சந்திரிகாதான் கேட்டாள். கேட்ட குரலில் சின்னப் பிள்ளையின் ஆசை இருந்தது. தங்கபுஷ்பம் சுற்றினாள். நீலம் ஓடியது. சந்திரிகா இருட்டில் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

விளக்கைப் போட்டதும் ஸ்ரீஹரி மெதுவாக, “கல்யாணம் முடிஞ்சப்பறம் அழிச்சுக்கலாமே. இப்போதைக்கு ஆனந்தகுமார் சொல்ற புது எஞ்சினையே…” என்று ஆரம்பித்தார்.

“சும்மா இருங்கோ” என்றாள் சந்திரிகா. அவள் கண் டெல்கோவை விட்டு நகரவில்லை. “கபாலீஸ்வரர் கோயில்ல தெனம் விடிகாலம்பற என்ன பண்றா? நேத்து சாத்தின மாலை, சந்தனம் எல்லாத்தையும் களைஞ்சுட்டுத்தானே அபிஷேகம்? நிர்மால்யத்தக் களையாம எந்த சாமி குளிக்கும்? நாமதான் இருபத்தெட்டு வருஷமா மேல மேல அப்பிண்டே இருந்திருக்கோம். இது அழிக்கறது இல்ல. களையறது.” தங்கபுஷ்பத்தின் பக்கம் திரும்பினாள். “துணி குடுடி.”

“பெட்ரோல்ல நனைச்ச துணி மாமி. கை நாறும்.”

“நாறட்டும். நான் வச்சது. நான்தான் எடுப்பேன்.”

எடுத்தாள். ஒவ்வொரு குமிழாக, விக்கிரகத்துக்குத் திருமஞ்சனம் செய்கிற மாதிரி, மடிப்பு மடிப்பாகத் துணியை மாற்றி மாற்றித் துடைத்தாள். சிவப்புக்கு அடியில் பழஞ்சிவப்பு, அதற்கடியில் கறுப்பு. கருகிய கோட்டைத் தங்கபுஷ்பம் பிளேடால் சுரண்டி எடுத்தாள். மூடி வெயிலில் ஒருமணி நேரம் காய்ந்தது. “இனிமே பொட்டு எங்கதான் வெக்கறது?” என்று சந்திரிகா கவலைப்பட, “ரேடியேட்டர் நெத்தியில வைங்க மாமி. தாராளமா வைங்க. அங்க கரண்டே கெடையாது” என்றாள்.

இரண்டரை மணிக்கு சாவியைத் திருப்பினாள். உள்ளே பெட்ரோல் பம்ப் ‘டிக் டிக் டிக்’ என்று அடித்து, நிறைந்ததும் தானே நின்றது. ஹேண்டிலைப் பிடித்தாள். பாதிச் சுற்று.

பிடித்துக்கொண்டது.

முதலில் ஒரு தும்மல். பிறகு இரண்டு. பிறகு பின்குழாயிலிருந்து ஷெட்டை நிரப்பும் வெள்ளைப் புகை. அந்தப் புகைக்குள்ளிருந்து ‘தட-தட-தட-தட’ என்று தாளம் தப்பாத சத்தம். தங்கபுஷ்பம் ஹேண்டிலைக் கீழே போட்டுவிட்டு எஞ்சினின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்தாள். இந்தக் குடும்பத்தின் பிள்ளை பிறந்து வளர்ந்து படித்துச் சம்பாதித்துப் பெண் பார்க்கிற அளவு காலம் அசையாமல் கிடந்த இரும்பு. அது அவள் கைக்கடியில் சூடேறிக்கொண்டிருந்தது. சரிந்த புள்ளி வைத்தவனுக்கு இது தெரியாது. எங்கோ மண்ணாகிப் போயிருப்பான். அவன் நினைத்தபடியே எல்லாம் அதனதன் இடத்தில் ஓடுகிறது. அழுகை வந்தது, புகையால் என்று வைத்துக்கொள்ளலாம்.

நாலு மணிக்குக் குட்டியானை வந்தது. பின்னாலேயே பைக்கில் ஆனந்தகுமார். ஷெட் வாசலில் நின்று ஓடுகிற எஞ்சினைக் கேட்டார். இருபது வருஷம் வண்டிச் சத்தத்தில் வாழ்ந்த ஆள். கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. மெச்சுகிற மாதிரி ஒரு கணம் தலை ஆடியது. ஆடிய தலையைத் தானே நிறுத்திக்கொண்டார்.

“ஓடுது சார், இல்லன்னு சொல்லல” என்றார் ஸ்ரீஹரியிடம். “ஆனா ஒண்ணு கேக்கறேன். இந்த எஞ்சினுக்குத் தண்ணி பம்ப்பே கெடையாது, தெரியுமா? நாயனக்காரன் எறும்பு மாதிரி ஊருவான். வண்டி பின்னாடியே ஊரணும். மாட வீதில நட்ட நடுவுல, மாப்ளய வச்சிக்கினு, பொண்ணு வீட்டுக்காரங்க பாக்கறப்போ கொதிச்சி நின்னுச்சின்னா? என் பேரு நாறும் சார். புது எஞ்சின்னா சாவியப் போட்டமா போனமான்னு கீது.”

ஸ்ரீஹரியின் முகத்தில் பழைய தயக்கம் திரும்பி வந்து உட்கார்ந்தது. தங்கபுஷ்பம் அதைப் பார்த்தாள்.

“இப்பவே போலாம். நாலு மாட வீதி, நாயன வேகம். கொதிச்சா நானே கழட்டித் தரேன். கொதிக்கலன்னா அந்தக் குட்டியானை வந்த வழியே போவணும். சரியா சார்?”

“யாரு ஓட்டறது?”

“நான்தான்.”

“நாயனத்துக்கு?” என்றார் ஆனந்தகுமார் கிண்டலாக.

“நான் நடக்கறேன்” என்றாள் சந்திரிகா. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “என்ன பாக்கறேள்? எத்தனை ஜானவாசம் பாத்திருக்கேன்! நாயனக்காரா எப்படி நடப்பான்னு நேக்குத் தெரியாதா? நாலடி வெப்பா, நிப்பா. ஒரு ராகத்த இழுப்பா. மறுபடி நாலடி.”

அப்படித்தான் அது கிளம்பியது. ஏப்ரல் மாத வெயில் தாரிலிருந்து திரும்ப மேலே அடித்துக்கொண்டிருந்த நேரம். முன்னால் சந்திரிகா, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நாலடி நடந்து நின்றாள். பின்னால் கூரை மடித்த மோரிஸ் மைனர், தங்கபுஷ்பம் ஸ்டியரிங்கில். மாப்பிள்ளை உட்கார வேண்டிய இடத்தில் ஆடிட்டர் ஸ்ரீஹரி, தெரிந்தவர்கள் கண்ணில் படாமலிருக்கக் குனிந்துகொண்டு. பக்கவாட்டில் தண்ணீர்க் கேனோடு ஆனந்தகுமார், எப்போது ஆவி வரும் என்று ரேடியேட்டரையே பார்த்துக்கொண்டு.

“இன்னா மாமி, ரெண்டாங் கல்யாணமா?” என்று பூக்கடைக்காரி ஒருத்தி கத்தினாள்.

“ஆமாண்டி, சார் இப்பதான் சம்மதிச்சார்!” என்று நடையை நிறுத்தாமல் சொன்னாள் சந்திரிகா. ஸ்ரீஹரி இன்னும் குனிந்தார்.

முதல் கியரில் போட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் வண்டி தானே நடந்தது. விரட்ட வேண்டியதில்லை, பிடித்து நிறுத்த வேண்டியதில்லை. யானை நடக்கிற மாதிரி, தன் பாரம் தனக்குத் தெரிந்த நடை. ஆட்டோக்கள் ஒதுங்கின. ஹாரன் அடிப்பவன் அடிக்காமல் பார்த்தான். வாழ்நாளில் முதன்முறையாகத் தங்கபுஷ்பத்தை ஊர் பார்த்தது. அவளோ எஞ்சினை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வீதி முடிந்தது. ஆவி இல்லை. மூன்றாவது வீதித் திருப்பத்தில் ஒரு தண்ணி லாரி குறுக்கே மாட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் தவித்தது. எல்லாம் நின்றது. ஐந்து நிமிஷம். எட்டு நிமிஷம். எஞ்சின் மட்டும் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வெயில் பானெட்டின் மேல் நெளிந்தது.

“இப்ப பாரு” என்றார் ஆனந்தகுமார். கேனின் மூடியைத் திருகவே ஆரம்பித்துவிட்டார்.

தங்கபுஷ்பம் இறங்கி பானெட்டைத் தூக்கினாள். அனல் முகத்தில் அறைந்தது. எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாயில் கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள். தீ. குனிந்து, அடியில் ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் குழாயைத் தொட்டாள். கை அங்கேயே நின்றது.

“சார். ஒரு நிமிஷம் இங்க கை வைங்க.”

“இன்னாத்துக்கு?”

“வைங்க சார்.”

ஆனந்தகுமார் மேல் குழாயைத் தொட்டு “ஸ்ஸ்” என்று உதறினார். கீழ்க் குழாயைத் தொட்டார். உதறவில்லை. மறுபடி தொட்டார்.

மேலே கொதிநீர் ஏறுகிறது. சூடானதற்கு ஏறுவது குணம். அது போன இடத்தை நிரப்பக் கீழே குளிர்ந்தது வருகிறது. குளிர்ந்ததற்கு இறங்குவது குணம். தள்ளிவிட ஆள் இல்லை, பம்ப் இல்லை. எவ்வளவு சூடேறுகிறதோ அவ்வளவு வேகமாகத் தானே சுற்றுகிறது. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் அரைப்பக்கம், மூன்று மார்க் கேள்வி. அதை நம்பி ஒருத்தன் ஒரு எஞ்சினையே விட்டிருக்கிறான். நெருப்புக்கும் தண்ணீருக்கும் அவற்றின் வேலையைச் செய்யத் தெரியும், நடுவில் நாம் வழியை மட்டும் அடைக்காமல் இருந்தால் போதும் என்று நம்பியிருக்கிறான். சித்திரை வெயிலில், ஒரு தண்ணி லாரிக்குப் பின்னால், எழுபத்தைந்து வருஷம் கழித்து, அந்த நம்பிக்கை தங்கபுஷ்பத்தின் விரலுக்கடியில் வெதுவெதுவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“அம்மாடி” என்றார் ஆனந்தகுமார். கேனின் மூடியைத் திருகி மூடினார்.

அங்கேதான் அவள் முடிவு செய்தாள். வாயால் சொல்லவில்லை, மனசுக்குள்கூடச் சொற்களாக வரவில்லை. ஆனால் பானெட்டை இறக்கி சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது அது முடிந்த விஷயமாக இருந்தது.

நாலாவது வீதியும் முடிந்து ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தியபோது ஒரு சொட்டு ஆவியில்லை. ஸ்ரீஹரி இறங்கி, யாருக்கும் தெரியாமல் முன் மட்கார்டைத் தட்டிக்கொடுத்தார். “எஞ்சின் இதுதான், ஆனந்தகுமார். அந்தப் புதுசை எடுத்துண்டு போயிடுங்கோ” என்றார். அவர் அவ்வளவு சுருக்கமாக ஒரு முடிவு சொல்லி சந்திரிகாவே கேட்டதில்லையாம். அதையும் அவளே உரக்கச் சொல்லிச் சிரித்தாள். “ஜானவாசத்தன்னிக்கு நீதான்டி ஓட்டணும். புடவை நான் எடுத்துத் தரேன்.”

“ஓட்டறேன் மாமி. புடவை வேணாம். கிளட்ச்சுல மாட்டும்.”

குட்டியானை ஏற்றி வந்ததை ஏற்றியபடியே திரும்பிப் போயிற்று. தங்கபுஷ்பம் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஆனந்தகுமார் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நல்ல வேலம்மா. சும்மா சொல்லல. இந்த வண்டி தப்பிச்சிது, சரி. திங்கக்கெழம அடையார்ல காந்தி நகர் டாக்டர் ஊட்டு லேண்ட்மாஸ்டர் காரு. அங்க வந்து இந்த வெளயாட்டு வேணாம். போனமா, எஞ்சினக் கழட்டனமான்னு இருக்கணும். அது ஓடுமா ஓடாதான்னு பாக்கவே பாக்காத.”

“ஏன் சார்? நீங்களும்தான் அந்தக் கொழாயத் தொட்டீங்க.”

“தொட்டேன். இல்லன்னு சொல்லல.” அவர் தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “ஆனா எனக்குப் பதினோரு பேரு வேல செய்றாங்க. ஒரு எஞ்சினுக்கு மூணு மாசம் உக்காந்தா கடைய மூடணும். பழசு நாளைக்கு எங்கனா நிக்கும், கஸ்டமரு திரும்ப வந்து கத்துவான். புதுசு மாட்னா திரும்பி வரவே மாட்டான். என் கணக்குல கஸ்டமர் திரும்பி வராததுதான் நல்ல வேல. நீ படிச்ச பொண்ணு, உனக்குப் புரியும்.”

“புரியுது சார்.” கையைப் பேண்டில் துடைத்தாள். “உங்க நெலமைக்கு அதான் சரி. ஆனா திங்கக்கெழம நான் வரல. அதுக்கப்புறமும் வரல.”

“கோவத்துல பேசாத.”

“கோவமே இல்ல சார். எனக்கே ஆச்சரியமா இருக்கு.” உண்மையும் அதுதான். நெஞ்சில் தேடிப் பார்த்தாள்; எப்போதும் எரியும் அடுப்பு இன்று ஆறிக் கிடந்தது. “ஒளிச்சு செய்ய மாட்டேன், சொல்லிட்டே போறேன். இப்ப நேரா காந்தி நகர்தான் போறேன். அந்த டாக்டர்கிட்ட, கழட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ நான் தொறந்து பாக்கணும்னு கேக்கப்போறேன். செத்ததுன்னா செத்ததுன்னு சொல்லிடுவேன், நீங்களே கழட்டிக்கோங்க. உயிர் இருந்தா விட மாட்டேன்.”

“என் கஸ்டமர்கிட்டயா? கஸ்டமர்கிட்ட நேரா எதுவும் கேக்காதன்னு உனக்கு எத்தினி தபா சொல்லிக்கீறேன்!”

“நெறைய தடவ சொல்லிட்டீங்க சார்.”

ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். ஷெட்டுக்குள் எஞ்சின் ஆறும்போது வரும் ‘டிங், டிங்’ என்ற சன்னச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு நொடி நின்று அதைக் கேட்டாள். ஆனந்தகுமார் பின்னாலிருந்து இன்னும் ஏதோ சொன்னார். கூடத்திலிருந்து சந்திரிகா காபி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லிக் கூப்பிட்டாள். “வந்து சாப்பிடறேன் மாமி” என்று கேட்டைத் திறந்துகொண்டே சொல்லிவிட்டு, தங்கபுஷ்பம் அடையார் பஸ் நிற்கும் திசையில் நடந்தாள்.